மூச்சுத் திணறும் பூனை, நாய்: நெஞ்சிலிருந்து நீரும் காற்றும் எடுக்கும் முறை

நெஞ்சில் நீர் கட்டிய பூனைக்கு ஊசியை விட ஆபத்தானது எக்ஸ்ரே மேசை. பக்கவாட்டில் படுக்க வைத்து, கால்களை இழுத்துப் பிடித்து, "படம் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்வோம்" என்று நினைக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதன் மூச்சு நின்றுவிடலாம். நெஞ்சில் ஊசி போடுவது சோதனையும் வைத்தியமும் ஒன்றாகச் சேர்ந்த வேலை. நீர் வந்தால் நோயும் தெரியவரும், மூச்சும் இலகுவாகும். படத்தைப் பிறகு எடுக்கலாம். நீர் வற்றிய பின் எடுக்கும் படத்தில்தான் இதயமும் நுரையீரலும் மறைவில்லாமல் தெரியும்.

நெஞ்சுச்சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையில் சாதாரணமாக வழவழப்புக்குப் போதுமான சிறிதளவு திரவமே இருக்கும். அங்கே நீர், சீழ், இரத்தம், காற்று என எது சேர்ந்தாலும் நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும். சிறுநீரைக் கூட்டும் ஃபியூரோசமைட் மருந்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் தேங்கிய நீர் அன்றைக்கே வற்றிவிடாது. ஒட்சிசன் கொடுத்தாலும் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு சிறுபிராணி கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மிருக வைத்தியரை மனதில் வைத்து எழுதியது இது. ஊசி போடுவது பதிவுபெற்ற வைத்தியரின் வேலை. ஆனால் பிடிப்பவரும் சிரிஞ் இழுப்பவரும் பிழைவிட்டாலும் காரியம் கெடும், ஆகவே உதவியாளர்களும் வாசிப்பது நல்லது.

தொலைபேசியில் தொடங்கும் வேலை

மாலை ஐந்து மணிக்குக் கொழும்பின் காலி வீதியில் (Galle Road) வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு வரவே அரை மணித்தியாலம் பிடிக்கலாம். "பூனை வாயைத் திறந்து மூச்சு விடுகிறது" என்று அழைப்பு வந்தால், அழைத்தவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து, குளிரூட்டிய வாகனத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். வழியில் கூடையைத் திறக்கவோ, தூக்கி மடியில் வைக்கவோ, வாயில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலே அது அவசரம். நாய் வெயிலுக்கும் அப்படிச் செய்யும், பூனை அபூர்வமாகத்தான் செய்யும்.

அவர்கள் வந்து சேருவதற்குள் ஒட்சிசன் தயாராக இருக்க வேண்டும். கரண்டில் ஓடி ஒட்சிசன் தரும் கொன்சன்ட்ரேட்டர் மட்டும் வைத்திருக்கும் கிளினிக்கில் கரண்ட் போனால் எல்லாம் போயிற்று. சிலிண்டர் ஒன்றும் அதைத் திறக்கும் சாவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாவி காணாமல் போவது நீங்கள் நினைப்பதை விட அடிக்கடி நடக்கும்.

வந்தவுடன் மேசையில் ஏற்றிப் பரிசோதிக்க அவசரப்படாதீர்கள். ஒட்சிசன் பெட்டிக்குள் விட்டு, வெளியே நின்று இரண்டு நிமிடம் பாருங்கள். கைபடாமல் அறியக்கூடியதே நிறைய இருக்கிறது.

நீரா, காற்றா, இரண்டுமே இல்லையா?

நெஞ்சறை நிரம்பிய மிருகம் குறுகிய, ஆழமில்லாத மூச்சை வேகமாக விடும். முழங்கைகளை உடலிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, அதாவது நெஞ்சில் குந்தியபடி இருக்கும். பூனையில் இன்னொன்றையும் கவனியுங்கள்: மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சு வெளியே வர, வயிறு உள்ளே இழுபடும். நெஞ்சும் வயிறும் இப்படி எதிர்எதிராக அசைந்தால் நெஞ்சில் நீர் என்ற சந்தேகம் வலுக்கும். இதற்கு மாறாக, ஆஸ்துமாப் பூனை மூச்சை வெளியே தள்ளத்தான் கஷ்டப்படும், விசில் போன்ற சத்தமும் கேட்கும். நுரையீரலுக்குள்ளேயே நீர் ஊறியிருந்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். இந்த இரண்டுக்கும் ஊசியால் பயனில்லை.

ஸ்டெதஸ்கோப்பை மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்தில், இரண்டு பக்கமும் வையுங்கள். நீர் கீழே தங்கும். ஆகவே கீழ்ப்பகுதியில் மூச்சுச் சத்தம் மங்கி, இதயத்துடிப்பும் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும், மேலே மட்டும் சத்தம் பலமாகக் கேட்கும். காற்று மேலே போகும். அப்போது முதுகுப்பக்கத்தில் சத்தம் இல்லாமல் போகும். பாரசீகப் பூனைகளில் அடர்ந்த முடியும் கொழுப்புமே சத்தத்தை மங்கச் செய்யும் என்பதால், ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடும் மேலே கேட்பதைக் கீழே கேட்பதோடும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இருந்தால் அதைவிட நல்ல துணை இல்லை. மிருகம் நெஞ்சில் குந்தியபடியோ நின்றபடியோ இருக்கட்டும், முடியை மழிக்காமலே ஸ்பிரிட் தடவிப் பார்க்கலாம். நெஞ்சுச்சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவே கறுப்பாகத் தெரிவது நீர். சாதாரண நெஞ்சில் மூச்சோடு சேர்ந்து நுரையீரல் ஓரம் வழுக்கி நகர்வது தெரியும். அடிபட்டு வந்த மிருகத்தில் மேற்பகுதியில் அந்த நகர்வு இல்லையென்றால் காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. இதயத்தைச் சுற்றி உருண்டையாக, பைக்குள் அடங்கியதுபோலக் கறுப்பு தெரிந்தால் அது இதய உறைக்குள் உள்ள நீர். அதை எடுக்கும் முறை வேறு.

கொழும்பில் நெஞ்சில் காற்று என்றால் பெரும்பாலும் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ அடிபட்ட நாய், தெருநாய் கடித்துக் குதறிய சிறிய நாய், அல்லது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீட்டுப் பல்கனியிலிருந்து விழுந்த பூனை. இப்படி அடிபட்டு வந்த எதிலும் ஊசிக்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கிழிந்திருக்குமா? வயிறு ஒட்டி வெறுமையாக இருக்கிறதா, நெஞ்சில் குடல் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஸ்கேனில் ஈரலும் குடலும் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பையைக் குத்துவது பெரிய கேடு.

இரத்தம் உறையுமா என்று முதலில் பாருங்கள்

எலி மருந்து தின்ற நாய்க்கும், புறநகர்ப் பக்கம் கண்ணாடி விரியன் தீண்டிய நாய்க்கும் இரத்தம் உறையாமல் போகலாம். முரசு (பல் ஈறு) வெளிறி, தோலில் நீலத் திட்டுகள் இருந்தாலோ, ஊசி போட்ட இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, 2 மி.லீ. இரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சரித்துப் பார்க்கும்போது ஓடினால் உறைதல் கெட்டிருக்கிறது. அப்படிப்பட்ட மிருகத்துக்கு மூச்சு நிற்கப்போகிறது என்ற கட்டத்தில் மட்டுமே ஊசி. அதுவும் சிறிய ஊசியால், மூச்சு இலகுவாகும் அளவுக்கு மட்டும். மற்ற நேரத்தில் வைட்டமின் கே1, பிளாஸ்மா, விஷமுறிவு மருந்து என்று காரணத்துக்கு உரிய வைத்தியமே முதலில்.

எடுத்து வைக்க வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே தட்டில் எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது. திணறும் பூனையைப் பிடித்துக்கொண்டு "த்ரீ-வே (ஊசி, சிரிஞ், பாத்திரம் மூன்றுக்கும் இடையில் வழியைத் திருப்பும் சிறு அடைப்பான்) எங்கே?" என்று அலுமாரி அலுமாரியாகத் தேடக்கூடாது.

பூனைக்கும் சுமார் 8 கிலோவுக்குக் குறைந்த நாய்க்கும் 21 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி (சிறகும் குழாயும் சேர்ந்த ஊசி) போதும்; கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது. குட்டிக்கு 23. சீழ் என்று சந்தேகம் இருந்தால் 19, ஏனெனில் தடித்த சீழ் 23 கேஜ் ஊசிக்குள் ஏறாது. பெரிய நாயில் பட்டர்ஃபிளை ஊசி நெஞ்சுச்சுவரைத் தாண்டாது. அதற்கு 18 அல்லது 20 கேஜ், ஒன்றரை முதல் இரண்டு அங்குல கனுலாவும் (உள்ளூசியைச் சுற்றிய மென்குழாய்), அதோடு இணைக்க ஒரு நீட்டுக்குழாயும் வேண்டும். கனுலாவில் பக்கத்துளை வெட்டிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. துளை வெட்டிய இடத்தில் அது மடியும், முறிந்து உள்ளே விழவும் கூடும். புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

சிரிஞ் பூனைக்கு 10 அல்லது 20 மி.லீ., நாய்க்கு 20 முதல் 60 மி.லீ. பெரிய சிரிஞ்சை இழுத்தால் உறிஞ்சும் விசையும் பெரிது. அது நுரையீரலை ஊசி வாய்க்கு இழுத்து அடைத்துவிடும். இவற்றோடு த்ரீ-வே, முடி மழிக்கும் மெஷின், குளோரெக்சிடின், ஸ்பிரிட், கிருமி நீக்கிய கையுறை, 2 வீத லிக்னோகேயின் (மரப்பு மருந்து), 25 கேஜ் ஊசி, அளவு கோடிட்ட பாத்திரம், ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய் இரண்டு, வெறுங்குழாய் இரண்டு, கண்ணாடித் தகடு நான்கு.

த்ரீ-வேயை உயிருள்ள நெஞ்சில் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, இழுத்து, திருப்பி, வேறு பாத்திரத்தில் தள்ளிப் பழகுங்கள். பெரும்பாலான த்ரீ-வேயில் நீண்ட கைப்பிடி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் மூடியிருக்கும். உங்கள் கிளினிக்கில் இருப்பது எந்த வகை என்று முன்பே பார்த்து வையுங்கள். இதில் தடுமாறினால் எடுத்த காற்றையே திரும்ப நெஞ்சுக்குள் தள்ளிவிடுவீர்கள்.

அமைதிப்படுத்தலும் மரப்பும்

திமிறும் மிருகத்தின் நெஞ்சுக்குள் ஊசி இருப்பதுதான் நுரையீரல் கிழிவதற்கு முதற்காரணம். சோர்ந்து கிடக்கும் பூனைக்கு மயக்கம் தேவைப்படாது. கொஞ்சமாவது எதிர்க்கும் மிருகத்துக்கு மருந்து கொடுக்கத் தயங்காதீர்கள், "மூச்சுத் திணறும்போது மயக்க மருந்தா?" என்ற பயம் இந்த அளவுகளுக்குப் பொருந்தாது. வலியைக் குறைத்து அமைதிப்படுத்தும் பியூட்டோர்ஃபனோல் கையிருப்பில் இருந்தால் கிலோவுக்கு 0.2 மி.கி., தசையில். 4 கிலோ பூனைக்கு 0.8 மி.கி., அதாவது மி.லீ.க்கு 10 மி.கி. உள்ள மருந்தில் 0.08 மி.லீ. இதை இன்சுலின் சிரிஞ்சில்தான் சரியாக அளக்க முடியும். போதாவிட்டால் மிடாசோலம் கிலோவுக்கு 0.2 மி.கி. சேர்க்கலாம். சைலசீன், மெடெடோமிடீன், அசிப்ரோமசீன் மூன்றும் இந்த நிலைமையில் வேண்டாம். கெட்டமைனும் வேண்டாம், பூனையின் நெஞ்சு நீருக்கு இதயநோய் பொதுவான காரணம், கெட்டமைன் அந்த இதயத்தை இன்னும் விரட்டும்.

மருந்து கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஒட்சிசன் பெட்டிக்குள் விடுங்கள். இந்தப் பத்து நிமிடம் வீணல்ல, தட்டைச் சரிபார்க்கும் நேரம் அதுதான்.

லிக்னோகேயின் தோலுக்கு மட்டும் போதாது. வலி தெரிவது நெஞ்சறையின் உட்சவ்வில், பூனை துள்ளுவதும் அந்த இடத்தில்தான். 25 கேஜ் ஊசியால் தோல், தசை, உட்சவ்வு வரை விட்டுக்கொண்டே போங்கள். பூனைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. போதும், 2 மி.கி.ஐத் தாண்டக்கூடாது. 4 கிலோ பூனைக்கு 2 வீத மருந்தில் 0.2 மி.லீ. தான் வருகிறது, அதே அளவு சேலைன் கலந்தால் பரவலாக விடலாம். இரண்டு பக்கமும் குத்த வேண்டியிருந்தால் இந்த மொத்த அளவை இரண்டாகப் பிரியுங்கள். நாய்க்கு மேல்வரம்பு கிலோவுக்கு 4 மி.கி. மூச்சு நிற்கும் தறுவாயில் உள்ள மிருகத்துக்கு இந்தக் கட்டம் முழுவதையும் விட்டுவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள்.

எந்த இடம்

மிருகம் நெஞ்சில் குந்தியபடி, தலை உயர்ந்து, முகத்துக்கு நேரே ஒட்சிசனோடு இருக்க வேண்டும். நாய் நின்றபடியே இருக்க விரும்பினால் விட்டுவிடுங்கள். மல்லாத்திப் போடுவது மட்டும் கூடவே கூடாது. பூனையைத் துவாயில் சுற்றினால் நெஞ்சை இறுக்காமல் சுற்றுங்கள், பிடிப்பவரின் கையும் நெஞ்சில் அழுத்தக்கூடாது.

இடம் 7ஆவது அல்லது 8ஆவது விலா இடைவெளி. கடைசி விலா எலும்பு 13ஆவது. அதைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு முன்னாலுள்ள இடைவெளியை 12 என்று வைத்து 11, 10, 9, 8 என முன்னோக்கி எண்ணுங்கள். கண்ணளவில் மதிப்பிட்டுக் குத்த வேண்டாம். பின்னால் தள்ளிப் போனால் பிரிமென்றகடும் ஈரலும், முன்னால் தள்ளிப் போனால் இதயமும் வழியில் வரும். ஸ்கேன் இருந்தால் நீர் ஆழமாகத் தெரியும் இடைவெளியைத் தேர்ந்து அங்கே குறி வைத்துக்கொள்ளலாம்.

நீருக்கு நெஞ்சின் கீழ் மூன்றிலொரு பங்கு. விலா எலும்பு கசியிழையத்தோடு சேரும் மட்டத்துக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இறங்கினால் மார்பெலும்புக்குப் பக்கத்தில் ஓடும் நாடியில் படலாம். காற்றுக்கு மேல் மூன்றிலொரு பங்கு, 7 முதல் 9 வரையான இடைவெளி. அடிபட்ட நாய் பக்கவாட்டில் கிடந்தால் நெஞ்சின் மிக உயர்ந்த புள்ளியில் குத்துங்கள்.

ஒவ்வொரு விலா எலும்பின் பின்விளிம்பை ஒட்டியும் நாடி, நாளம், நரம்பு மூன்றும் ஓடுகின்றன. ஆகவே ஊசி எப்போதும் இடைவெளிக்குப் பின்னாலுள்ள விலா எலும்பின் முன்விளிம்பை ஒட்டியே உள்ளே போக வேண்டும்.

குத்தும் முறை

மூன்று பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊசிக்கு, ஒருவர் சிரிஞ்சுக்கும் த்ரீ-வேக்கும். ஊசி பிடித்திருப்பவர் சிரிஞ்சைத் தொடக்கூடாது.

1. குறித்த இடத்தைச் சுற்றிச் சுமார் 10 செ.மீ. சதுரத்துக்கு முடியை மழித்து, குளோரெக்சிடினாலும் ஸ்பிரிட்டாலும் சுத்தம் செய்யுங்கள். பூனை மிக மோசமாக இருந்தால் சிறிய இடமே போதும், மெஷின் சத்தத்துக்கு அது பயப்படும்.

2. பட்டர்ஃபிளை, த்ரீ-வே, சிரிஞ் மூன்றையும் இணைத்து, த்ரீ-வே நோயாளி பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது எங்காவது தளர்ந்த இணைப்பு காற்றை உள்ளே விட்டால், நெஞ்சில் காற்று என்று ஏமாந்துபோவீர்கள்.

3. ஊசி பிடிக்கும் கையின் அடிப்பகுதியை மிருகத்தின் உடலில் ஊன்றுங்கள். அது அசைந்தால் கையும் ஊசியும் கூடவே அசையும்.

4. தோலைச் சற்று இழுத்து, விலா எலும்பின் முன்விளிம்பை ஒட்டி, நெஞ்சுச்சுவருக்குச் செங்குத்தாக ஊசியை மெதுவாகச் செலுத்துங்கள். தோலைத் தாண்டியதுமே உதவியாளர் சிரிஞ்சை 1 மி.லீ. அளவுக்கு இழுத்துப் பிடிக்கட்டும். பூனையில் உள்ளே போய்ச் சேரும் தூரம் பெரும்பாலும் 1 செ.மீ. கூட இருக்காது. சவ்வைத் தாண்டும்போது மெல்லிய "பொக்" என்ற உணர்வு கைக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். குழாயில் நீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதே நம்பகமானது.

5. நீரோ காற்றோ வந்தவுடன் மேலும் உள்ளே போகாதீர்கள். ஊசியைச் சாய்த்து, நெஞ்சுச்சுவரின் உட்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும்படி செய்யுங்கள். ஊசியின் சரிந்த வாய் நுரையீரலைப் பார்க்க வேண்டும், கூர்நுனி சுவர்ப்பக்கம் இருக்க வேண்டும். நீருக்கு நுனி கீழ்நோக்கி, காற்றுக்கு மேல்நோக்கி. கனுலாவானால் சாய்த்தபின் கனுலாவை மட்டும் முன்தள்ளி, உள்ளூசியை எடுத்துவிட்டு, வாயை உடனே விரலால் மூடி, நீட்டுக்குழாயை இணையுங்கள்.

6. மெதுவாக, விட்டுவிட்டு இழுங்கள். 1, 2 மி.லீ. வெற்றிடத்துக்கு மேல் விசை வேண்டாம். சிரிஞ் நிரம்பியதும் த்ரீ-வேயைத் திருப்பிப் பாத்திரத்தில் தள்ளி, அளவை உரக்கச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முதல் சிரிஞ்சை மட்டும் பாத்திரத்தில் ஊற்றாமல் மாதிரிக் குழாய்களுக்கு ஒதுக்குங்கள்.

7. இனி வராத நிலையிலோ, ஊசியில் ஏதோ உரசுவது கைக்குத் தெரிந்தாலோ, மிருகம் இருமினாலோ ஊசியை எடுத்துவிடுங்கள். இருமல் வந்தால் நுரையீரல் விரிந்து சுவரைத் தொடுகிறது என்று கொள்ளலாம். எடுக்கும்போது உறிஞ்சலை விட்டுவிட்டு, நேராக, வேகமாக எடுக்க வேண்டும்.

நாலு கிலோப் பூனையிலிருந்து 200 மி.லீ. வருவது அதிசயமல்ல. நெஞ்சைச் சொட்டு மிச்சமில்லாமல் வற்றச் செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மூச்சு இலகுவானால் போதும், கடைசி 10 மி.லீ.க்காக ஊசியை அங்கும் இங்கும் ஆட்டும்போதுதான் நுரையீரல் கிழியும். வாரக்கணக்காக நீர் கட்டியிருந்த நெஞ்சைப் படிப்படியாக, நேரமெடுத்து வடிக்க வேண்டும். சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறக்கூடும். அது அரிது, ஆனால் வந்தால் மிக மோசமாகப் போகும்.

ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தையும் பாருங்கள். நெஞ்சின் நடுத்திரை பல மிருகங்களில் நீரையும் காற்றையும் இரு பக்கமும் போகவிடும் என்பது உண்மைதான். ஆனால் சீழும் நெடுநாள் அழற்சியும் அந்த வழியை அடைத்துவிடும். ஒரு பக்கத்தில் 120 மி.லீ. எடுத்தும் மூச்சு மாறவில்லையென்றால், மறுபக்கம் அப்படியே நிரம்பி இருக்கலாம்.

ஒன்றும் வராவிட்டால், இரத்தம் வந்தால்

ஒன்றும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. த்ரீ-வே தவறான பக்கம் மூடியிருக்கும். ஊசி நீளம் போதாமல் தசைக்குள்ளேயே நிற்கும். கொழுத்த பூனையில் இது அடிக்கடி நடக்கும். நெஞ்சுக்குள் உள்ள கொழுப்போ, சீழின் நார்த்திரையோ ஊசியை அடைத்திருக்கும். விசை கூடி நுரையீரல் ஒட்டியிருக்கும். சிரிஞ்சைத் தளரவிட்டு, ஊசியை இலேசாகச் சுழற்றிப் பாருங்கள். பிறகும் இல்லையென்றால் எடுத்துவிட்டு ஓர் இடைவெளி முன்னாலோ பின்னாலோ புதிய ஊசியால் முயலுங்கள். உள்ளே இருக்கும் ஊசியின் நுனியை இடமும் வலமும் வீசித் தேடுவது நெஞ்சைக் கத்தியால் கீறுவதற்குச் சமம்.

சிவப்பாக வந்தால் முதலில் இழுப்பதை நிறுத்தி, 1 மி.லீ.ஐ வெறுங்குழாயில் விட்டு வையுங்கள். நெஞ்சில் சில மணித்தியாலம் கிடந்த இரத்தம் மறுபடி உறையாது. குழாயில் சில நிமிடத்தில் உறைந்தால் இரத்தக்குழாயையோ இதயத்தையோ குத்தியிருக்கிறீர்கள், அல்லது இப்போதுதான் கசியும் இரத்தம் அது. உறையாவிட்டால் அதன் பி.சி.வி.ஐ (சிவப்பணுக்களின் வீதம்) கழுத்து நாளத்து இரத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றானால் உள்ளே இரத்தக்கசிவு. எடுத்ததில் மிகக் குறைவானால் அது இரத்தம் கலந்த நீர் மட்டுமே, கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது ஏமாற்றும். ஒன்று மறக்க வேண்டாம்: இரத்தம் உறையாத நோயுள்ள மிருகத்தில் இந்த உறைதல் சோதனையால் பயனில்லை.

காற்று எடுக்கும்போது

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆகவே எத்தனை சிரிஞ் என்று எண்ணி எழுதுங்கள். இழுத்த சிரிஞ் தண்டு தானாகத் திரும்ப உள்ளே இழுபடத் தொடங்கினால் வெற்றிடம் வந்துவிட்டது, நிறுத்தலாம். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தால் நுரையீரல் இன்னும் கசிகிறது. அதற்கு நெஞ்சுக்குழாய் போட வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் இரண்டு, மூன்று முறைக்கு மேல் ஊசி தேவைப்பட்டாலும் அப்படியே. நெஞ்சு பீப்பாய்போல் விரிந்து அசையாமல், முரசு நீலமாக, நாடி மெலிந்து வரும் நாய்க்கு மழிப்பதும் மரப்பதும் வேண்டாம். எந்த ஊசி கிடைக்கிறதோ அதைப் போட்டுக் காற்றை வெளியே விடுங்கள்.

நாய் கடித்த காயம் நெஞ்சுக்குள் திறந்திருந்தால், மூச்சோடு காற்று அந்த வழியாக உறிஞ்சப்படும் சத்தம் கேட்கும். முதலில் காயத்தைக் களிம்பு பூசிய கிருமி நீக்கிய துணியால் மூடி ஒட்டுங்கள். பிறகு ஊசி. வெளியே இரண்டு பல் ஓட்டை மட்டும் தெரிந்தாலும் உள்ளே விலா எலும்பும் தசையும் நொறுங்கியிருக்கலாம்.

குழாய் போடும் வசதி இல்லாமல் பேராதனைக்கு அனுப்புவதானால், காற்றை எடுக்காமல் அனுப்பக் கூடாது. கண்டி வீதியில் 3 மணித்தியாலம் ஆகலாம். புறப்படும் முன் எடுத்து, ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்து, திரும்பச் சேரும் வேகத்தை அறிந்து, முடிந்தால் வைத்தியர் ஒருவர் ஊசியோடு கூடப் போவதுதான் நியாயம்.

எடுத்த நீரைப் பார்த்தல்

கொழும்புச் சூட்டில் கலங்கள் சீக்கிரம் கெடும். நீர் எடுத்த கையோடு இரண்டு தகடு பூசி உலர்த்திவிடுங்கள், மிச்சத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். தகடு அனுப்பும் பெட்டிக்குள் ஃபோர்மலின் போத்தலை வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது. ஈ.டி.டி.ஏ. குழாய் கலங்களை எண்ணவும் பார்க்கவும், வெறுங்குழாய் புரதம் முதலிய இரசாயனச் சோதனைகளுக்கு. கிருமி வளர்ப்புக்கான மாதிரியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். பூனையின் நெஞ்சுச் சீழில் இருப்பவை பெரும்பாலும் வாயிலிருந்து வந்த, ஒட்சிசன் வேண்டாத கிருமிகள். காற்றை வெளியேற்றி மூடிய சிரிஞ்சிலேயே அறை வெப்பநிலையில் அனுப்பி, ஒட்சிசன் இல்லாத வளர்ப்பும் வேண்டும் என்று படிவத்தில் எழுதுங்கள்.

கண்ணுக்கே நிறையத் தெரியும். தண்ணீர்போலத் தெளிந்து, புரதம் டெசிலீற்றருக்கு 2.5 கிராமுக்குக் குறைந்து, கலங்களும் குறைவாக இருந்தால் இரத்தத்தின் அல்புமினைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ, நடுத்தரப் புரதத்தோடு இருந்தால் இதயம், நெஞ்சுக்கட்டி இரண்டும் பட்டியலில் வரும். இளம்பூனையில் முதிராத பெரிய லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணு) கூட்டமாகத் தெரிந்தால் அவற்றின் புற்றான லிம்போமா. பால்போல் வெள்ளையாக, சென்ட்ரிபியூஜில் சுற்றியும் தெளியாமல் இருந்தால் ட்ரைகிளிசரைட்டை நீரிலும் இரத்தத்திலும் ஒரே நேரத்தில் அளவிடுங்கள். நீரில் கூடுதலாக இருந்தால் அது நிணப்பால், அதாவது குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் நிணநீர். பூனை பட்டினி கிடந்திருந்தால் நிணப்பால் வெள்ளையாக இராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மஞ்சளாக, ஒட்டும் தன்மையோடு, நூல்போல் இழுபட்டு, புரதம் மிகுந்தும் கலங்கள் குறைந்தும் வந்தால், இளம்பூனையில் எஃப்.ஐ.பி. (பூனைக் கொரோனா வைரஸால் வரும் நோய்) சந்தேகம். இதற்குக் கிளினிக்கிலேயே செய்யக்கூடிய ரிவால்டா சோதனை இருக்கிறது. சோதனைக் குழாயில் 8 மி.லீ. வடித்த நீர் எடுத்து, வெள்ளை வினாகிரி ஒரு சொட்டு கலந்து, அதன் மேல் நெஞ்சு நீர் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு கரையாமல் உருவம் மாறாது தொங்கினாலோ மெல்லக் கீழிறங்கினாலோ நேர்மறை. எதிர்மறையானால் எஃப்.ஐ.பி. இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் நேர்மறை மட்டும் வைத்து உறுதி சொல்லாதீர்கள், சீழும் லிம்போமாவும்கூட நேர்மறை காட்டும். அல்புமினுக்கும் குளோபுலினுக்கும் உள்ள விகிதம் 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும், 0.8க்கு மேலே இருந்தால் தளரும்.

நாற்றமடிக்கும் கலங்கிய நீரில் சிதைந்த நியூட்ரோபில் வெள்ளையணுக்களும் அவற்றுக்குள் கிருமிகளும் தெரிந்தால் சீழ்நெஞ்சு. வளர்ப்பு முடிவு வரும்வரை காத்திராமல் அன்றே அன்டிபயோட்டிக் தொடங்குங்கள். இங்கே ஒருமுறை ஊசியால் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் தோல்வியில் முடியும். நெஞ்சுக்குழாய் போட்டு, உடற்சூட்டுச் சேலைன் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லீ. வரை மெதுவாக விட்டு, திரும்ப எடுத்துக் கழுவ வேண்டும். விட்டதில் முக்கால்வாசியாவது திரும்ப வராவிட்டால் குழாயை ஆராயாமல் அடுத்த முறை விடாதீர்கள்.

ஊசி எடுத்த பிறகு

மூச்சை முதல் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி எழுதுங்கள். குறைந்திருந்த எண்ணிக்கை திரும்ப ஏறினால் ஊசியால் நுரையீரல் கிழிந்து காற்றுச் சேர்கிறதா, நீர் திரும்புகிறதா, இரத்தம் கசிகிறதா என்று ஸ்கேனில் பாருங்கள். நெடுநாள் நிணப்பாலோ சீழோ கட்டியிருந்த பூனையில் நுரையீரலின் மேலுறை தடித்துப் போயிருக்கும். எல்லாம் எடுத்த பிறகும் அந்த நுரையீரல் விரியாது, கிழிந்தால் எளிதில் மூடவும் செய்யாது. எக்ஸ்ரே இப்போது எடுக்கலாம், அதுவும் மூச்சு நிலைத்த பிறகு, நெஞ்சில் குந்தவைத்த படத்திலிருந்து தொடங்கி.

குறிப்பில் பக்கம், விலா இடைவெளி, ஊசி அளவு, ஒவ்வொரு பக்கத்திலும் எடுத்த மி.லீ., நிறம், முன்னும் பின்னும் மூச்சு எண்ணிக்கை ஆகியவை இருக்கட்டும். இரவில் வேலைக்கு வருபவர் அதை வைத்துத்தான் மறுபடி எடுப்பதா என்று முடிவெடுப்பார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, பூனை நன்றாகத் தூங்கும் நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணப் பழக்கிவிடுங்கள். குறட்டை விடும்போதும் சுகமாகக் குர்ரென்று ஒலிக்கும்போதும் எண்ணக்கூடாது. 30க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 30ஐத் தாண்டி நாளுக்கு நாள் ஏறினால் அழைக்க வேண்டும். 40ஐத் தாண்டினாலோ, சாப்பாட்டை விட்டு மூலையில் குந்தினாலோ, நேரம் பார்க்காமல் கொண்டுவர வேண்டும். எண்ணிக்கையைக் கலண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள், அடுத்த ஊசி எப்போது என்று அந்தத் தாள் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.